ஏலக்குத்தகைக்கு முன் ஸ்டேஷனை முடிவு செய்யுங்கள்: தஞ்சோங் பகார் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மறுசீரமைப்பு ஆணைய அதிகாரிகளுக்கு, அதோடு தேசிய மரபுடைமைக் கழகத்திலும் சிங்கப்பூர் நில ஆணையத்திலும் இந்தக் கோப்பைப் பார்க்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

கெப்பல், கண்டோன்மண்ட், பிரின்ஸ் எட்வர்ட் ரோடு என்ற மூன்று புதிய நிலையங்களோடு, எம்ஆர்டி எனும் நகரப் பெருவிரைவு ரயிலின் வட்டப் பாதை 2026-இல் உண்மையிலேயே வட்டமாகிறது. அந்த மூன்றில் கண்டோன்மண்ட், தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்ற கடைசி ரயிலுக்குப் பிறகு, பயணிகளையே பார்க்காத இடம் அது. இனி அங்கே தினமும் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். ஆட்கள் வந்தால் கடை வரும், கடை வந்தால் நிலத்தின் விலை ஏறும். எதிரே இருக்கும் நகரத் துறைமுக முனையங்களும் 2027 வாக்கில் துவாஸுக்குப் போய்விடும். பெரும் தெற்கு நீர்முகப்புத் திட்டத்தில் அந்தக் கரை முழுவதும் மாறப்போகிறது. அலுவலகக் கோபுரங்களும் ஓட்டல்களும் கடைத்தொகுதிகளும் எழும். அவை வரக்கூடாது என்று கேட்க நான் இதை எழுதவில்லை.

நான் கேட்பது வரிசையைப் பற்றி. பழைய ஸ்டேஷன் எதற்கு, யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த முடிவை எழுத்தில் வெளியிடுங்கள். அப்புறம் பக்கத்து நிலத்துக்கு எல்லைக்கோடு போடுங்கள், உயரத்தை நிர்ணயம் செய்யுங்கள், ஏலக்குத்தகைக்கு விடுங்கள். இது தலைகீழாக நடந்தால், அதாவது நிலம் முதலில் விற்கப்பட்டு, அங்கே வருகிற கட்டடத்துக்குத் தோதாக ஸ்டேஷனுக்கு ஒரு வேலை தேடினால், அது பக்கத்துக் கடைத்தொகுதியின் அழகான முன்வாசலாக மாறிவிடும். சுவர் நிற்கும். கூரை நிற்கும். ஸ்டேஷன் இருக்காது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெருந்திட்டம் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அது எதற்குப் பயன்படலாம், அதில் எவ்வளவு கட்டலாம் என்று வகுத்து வைக்கிறது. அரசாங்கம் ஒரு நிலத்தை விற்கும்போது ஏலக்குத்தகை நிபந்தனைகள் அடங்கிய ஆவணம் ஒன்று வெளிவரும். கட்டடம் எங்கே தொடங்கலாம், எவ்வளவு உயரலாம், பாதசாரிகளுக்கு எங்கே வழி விட வேண்டும், தரைத்தளத்தில் என்ன இருக்க வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கும். நிறுவனங்கள் அதைப் படித்து, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கணக்குப் போட்டு விலை சொல்கின்றன. விலை கட்டி முடித்த பிறகு, கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டுங்கள், அந்த மூலையை வெட்டவெளியாக விடுங்கள் என்று யார் கேட்டாலும் அது வாங்கியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம். அவர்கள் தர மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஸ்டேஷனுக்காகப் பேசிப் பயன் உண்டு என்றால் அது நிபந்தனை எழுதப்படுவதற்கு முன்புதான். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

என் தந்தை இந்தத் தண்டவாளத்தில் கேங் வேலை பார்த்தவர். சிலிப்பர் கட்டை மாற்றுவது, ஜல்லியை இடித்து நிரப்புவது, பெருமழை பெய்த மறுநாள் கரை எங்காவது சரிந்திருக்கிறதா என்று நடந்தே பார்த்து வருவது, இதுதான் வேலை. பின்னாளில் கங்காணி ஆனார். அவருக்கு முன் தாத்தாவுக்கும் இதே பிழைப்பு. மலாயா ரயில்வேயின் கேங்குகளில் தமிழர்கள் மிக அதிகம். எழுத்தர் மேசையிலும் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். வெயிலில் நின்றவரும் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவரும் ஒரே மொழி பேசிய இடம் அது, ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றாலும். வேலை நாட்களில் அப்பாவுக்கு ஸ்டேஷன் கூடத்துக்குள் போக அவசியமே வராது. ஈப்போவில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால்தான் போவார். அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு, முன்வாசல் படியேறி, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கூரைக்குக் கீழே எல்லோரையும்போல உட்காருவார். வகுப்பு வேறாக இருக்கலாம், கூரை ஒன்றுதான். அந்தக் கூடம் யாருக்கு என்று நான் கேட்கும்போது இந்த மனிதரை நினைத்துத்தான் கேட்கிறேன்.

1932 மே 2-ஆம் தேதி ஆளுநர் சர் செசில் கிளமெண்டி திறந்து வைத்த கட்டடம் அது. அதற்கு முன், 1903 முதல், சிங்கப்பூரின் முதன்மை ரயில் நிலையம் டேங்க் ரோட்டில் இருந்தது. நாம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போய்ச் சேரும் அதே டேங்க் ரோடுதான். 1920-களில் கடற்பாலம் வந்து, தீபகற்பத்தின் ரயில்கள் தடையில்லாமல் தீவுக்குள் ஓடத் தொடங்கிய பிறகு அந்த இடம் போதவில்லை. பாதையைப் புக்கிட் தீமா பக்கம் திருப்பி, துறைமுகத்தின் வாசலிலேயே புதிய முனையத்தைக் கட்டினார்கள். ரப்பரும் ஈயமும் கப்பலுக்குப் போக வேண்டும், ஆட்கள் ஊருக்குள் வர வேண்டும். ரயிலும் கப்பலும் சந்திக்கும் இடமாகத்தான் தஞ்சோங் பகாரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வடிவமைத்தது ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனம். முகப்பில் இத்தாலியச் சிற்பி ருடோல்ஃபோ நோல்லியின் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கின்றன: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். எஃப், எம், எஸ், ஆர் என்று ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வேயின் நான்கு எழுத்துகளும் கூடவே உண்டு. உள்ளே, ஏறத்தாழ 22 மீட்டர் உயரத்தில் வளைகூரை. சுவர்களில் ரப்பரைக் கொண்டே செய்த பெரிய ஓவியங்கள்: நெல் நடவு, பால்மரம் வெட்டுதல், ஈயச் சுரங்கம், தென்னந்தோப்பு, கப்பல், மாட்டுவண்டி. பால்மரக் காட்டில் விடிவதற்கு முன் வாளியோடு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சுவருக்கு முன் நின்றால், தங்கள் வீட்டுக் கதையைப் பார்ப்பதுபோல இருக்கும். ரயில் நிற்பதற்குச் சில மாதங்கள் முன்பே, 2011-இல், இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தீர்கள். அதற்கு நன்றி.

வணிகம் அந்த முகப்பில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நான்கில் ஒன்றாக இருக்கிறது. அதற்கு உரிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

நினைவுச்சின்னம் என்று அறிவித்த பிறகு வேறென்ன பயம் என்று கேட்கலாம். பதில் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இருக்கிறது. 1989-இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தீர்கள். அன்றைக்கு அது செய்யப்படாமல் போயிருந்தால் இன்று சிராங்கூன் ரோட்டில் பார்க்க ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவரைக் காக்கும் சட்டத்துக்கு வாடகையைக் காக்கும் சக்தி கிடையாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001-இல் முழுவதுமாக நீங்கியது. சந்தை சொன்ன வாடகையைக் கொடுக்க முடிந்தவர் உள்ளே வந்தார், முடியாதவர் வெளியே போனார். மாவு மில்லும் அச்சுக்கூடமும் ஆசாரிப் பட்டறையும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. புதிதாக வந்தவர்கள் யாரும் தீங்கு செய்ய வரவில்லை, பிழைக்க வந்தவர்கள்தான். இருந்தாலும் விளைவு என்ன? சன்னலின் மரவேலைப்பாடு அப்படியே இருக்கிறது. வாசல் நிலைப்படிக்கு மேலே ஆண்டு எண்கூட அழியாமல் இருக்கிறது. உள்ளே நடந்த வேலை எங்கே என்று கேட்டால் தகவல் பலகையைக் காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் ஆணையம் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் பணியை முதன்முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் தஞ்சோங் பகாரும் ஒன்று. அந்தத் தெருக்களிலும் இதே கதைதான்.

கிளிஃபர்ட் படகுத்துறையையும் சொல்ல வேண்டும். 1933-இல் திறக்கப்பட்டது, நம் ஸ்டேஷனுக்கு ஒரு வயது இளையது. தரைவழி வந்தவர்களுக்கு ஸ்டேஷன் வாசல் என்றால், படகில் வந்தவர்களுக்கு அது வாசல். 2006-இல் படகுகள் நின்றன. கட்டடம் காப்பாற்றப்பட்டது, பளபளவென்று இருக்கிறது. ஆனால் படகு ஏற வந்தவர்கள் மூட்டையோடு கூடி நின்ற கூடம் ஓட்டல் சாப்பாட்டுக் கூடமாகிவிட்டது. என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் அங்கே தயங்காமல் உள்ளே போவார்கள்? ஸ்டேஷனுக்கும் இதே முடிவு வரக்கூடாது.

எனவே முதல் கோரிக்கை கூடத்தைப் பற்றியது. அந்த நடுக்கூடத்தை எந்த ஒரு வாடகைதாரருக்கும் கொடுக்காதீர்கள். எம்ஆர்டி ஓடும் நேரம் முழுவதும் அது திறந்திருக்க வேண்டும். எதுவும் வாங்காமல் உட்காரலாம் என்கிற இடமாக இருக்க வேண்டும். கல்யாண வரவேற்புக்கும் கார் அறிமுக விழாவுக்கும் அடைத்துக் கொடுக்கும் பழக்கம் தொடங்கினால், வருமானம் வரும் நாளெல்லாம் கூடம் பூட்டியே கிடக்கும். பக்க அறைகளில் கடை இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே யார் இருக்க வேண்டும் என்பதை அதிக வாடகை சொல்பவர் என்ற ஒரே அளவுகோலால் முடிவு செய்யாதீர்கள்.

அந்த ஸ்டேஷன் கேன்டீனை நினைவில் வைத்திருப்பவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள். ரயிலுக்கே சம்பந்தமில்லாமல் பிரியாணிக்கும் புரோட்டாவுக்கும் தே தாரிக்குக்கும் வந்தவர்கள் எத்தனையோ பேர். இரவு வேலை முடித்த துறைமுகத் தொழிலாளி, டாக்சி ஓட்டுநர், கோலாலம்பூர் இரவு ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பம், எல்லோரும் ஒரே மேசையில். ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்காரரிடம் காசு மாற்றி, வாரப் பத்திரிகை ஒன்று வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். 1998-இல் சிங்கப்பூர் குடிநுழைவுச் சோதனை உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டது, மலேசியச் சோதனை மட்டும் தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிடும் விநோதம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்குமா என்று தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் சாப்பாட்டு விலை சாதாரண மனிதனுக்குக் கட்டுபடியானது என்பதுதான் அதன் உயிர். உணவங்காடிக் கடைகளைப்போல விலையையும் தரத்தையும் சேர்த்துப் பார்த்து, சில கடைகளையாவது அப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்குங்கள்.

எல்லோரும் முகப்பைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பின்புறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முகப்பின் நிலைமை ஏற்கெனவே நன்றாக இல்லை. கெப்பல் ரோட்டுக்கு மேலே போகும் விரைவுச்சாலைப் பாலம் அதை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நான்கு சிலைகளையும் முழுசாகப் பார்க்க நல்ல தூரம் கிடைப்பதில்லை. பின்புறம் அப்படியல்ல. நடைமேடையின் ஓரத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் ஓடிய நிலம் விரிந்து, நீண்டு, வளைந்து போகிறது. ரயில் முனையம் என்ற கட்டடத்துக்கு அர்த்தமே அந்த நீளத்தில்தான் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பினால் கோலாலம்பூர், ஈப்போ, பட்டர்வொர்த், அதற்கும் அப்பால் என்று அந்தத் திறந்தவெளிதான் சொல்கிறது. நடைமேடை முடியும் இடத்தில் ஐந்தாறு மாடிக் கடைத்தொகுதியின் சுவர் வந்து நின்றால், அதன் மேல் கண்ணாடிக் கோபுரம் எழுந்தால், நடைமேடை வெறும் நீளத் திண்ணையாகிவிடும். எம்ஆர்டி வேலைக்காக அந்த நடைமேடைகளின் ஒரு பகுதியையும் மேற்கூரையையும் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்தி, மறுபடி பொருத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டீர்கள். அவ்வளவு சிரத்தையோடு திருப்பி வைத்த நடைமேடைக்கு எதிரே பார்வையை மறைத்துவிட்டால் அந்தச் சிரத்தைக்கு என்ன பொருள்?

பழைய தண்டவாளத் தடத்தைப் பசுமையான நடைபாதையாக்கிய ரயில் காரிடாரும் இங்கேதான் முடிகிறது. உட்லண்ட்ஸிலிருந்து 24 கிலோமீட்டர். நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், நாயைக் கூட்டிவருபவர், தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் எல்லோரும் மரநிழலில் வந்து சேரும் கடைசி இடம் இந்த நடைமேடைதான். அவர்கள் தரைமட்டத்திலேயே, வானத்தைப் பார்த்தபடியே வந்து சேர வேண்டும். கடைசிச் சில நூறு மீட்டருக்கு ஒரு கடைத்தொகுதிக்குள் நுழைந்து, நகரும் படியில் ஏறி இறங்கி, விளம்பரப் பலகைகளுக்கு நடுவே வழி கேட்டுப் போகும்படி ஆகக்கூடாது. வரைபடத்தில் பச்சைக்கோடு தொடர்ந்து இருப்பதுபோலத்தான் தெரியும், நடப்பவனுக்கு அது அறுந்துவிட்டது என்று தெரியும். தனியார் கட்டடத்துக்குள் போகும் பொதுவழி இரவில் எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்பதும் இன்னொரு கேள்வி.

இதை நிபந்தனையாக எழுத முடியும். நடைமேடையின் முனையிலிருந்து பார்த்தால் தெரியும் வெளியை ஒரு பார்வைத் தடமாக வரைந்து, அதற்குள் எந்தக் கட்டடமும் வராது என்று எழுதுங்கள். ஸ்டேஷனை ஒட்டிய புதுக் கட்டடங்களின் தாழ்ந்த பகுதி ஸ்டேஷனின் கூரை உயரத்தைத் தாண்டக்கூடாது என்று எழுதுங்கள். கோபுரம் எழுவதென்றால் நிலத்தின் தூரத்து மூலையில் எழட்டும். காரிடார் தரைமட்டத்தில், இருபத்துநான்கு மணி நேரமும், அரசாங்க நிலமாகவே தொடர வேண்டும் என்று எழுதுங்கள். இவற்றால் கட்டக்கூடிய அளவு குறைந்தால், அதே அளவை நீர்முகப்பில் வேறு நிலத்தில் சேர்த்துக் கொடுங்கள். கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை 2021-இல் பாதுகாப்புக் கட்டடமாக அறிவித்தபோது, பழையதை வைத்துக்கொள்வதற்கு ஈடாகக் கூடுதலாகக் கட்ட அனுமதித்தீர்கள். அந்த யோசனை உங்களுடையதுதான், இங்கேயும் உதவும்.

விலையை மட்டும் பார்த்து விற்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. பீச் ரோட்டில் பழைய ராணுவக் கட்டடங்கள் இருந்த நிலத்தை 2007-இலும், ஹாலந்து வில்லேஜ் நிலத்தை 2018-இலும் விற்றபோது, முதலில் வடிவமைப்பைப் பரிசீலித்து, அதில் தேறியவர்களின் விலையை மட்டும் பிறகு பிரித்துப் பார்த்தீர்கள். ஒரு தேசிய நினைவுச்சின்னத்தை உரசி நிற்கும் நிலத்துக்கு அதைவிடக் குறைந்த கவனம் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். மலேசிய ரயில்வேயின் கையில் இருந்த இந்த நிலம் நமக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. 1990-இல் மலேசியாவோடு ஓர் உடன்பாடு கையெழுத்தாகி, அதன் பொருள் என்ன என்று இருபது ஆண்டுகள் இழுபறி நடந்து, 2010 மே மாதம் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் முடிவுக்கு வந்தார்கள். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ், புக்கிட் தீமா ரயில்வே நிலங்களுக்கு மாற்றாக மரினா சவுத்தில் நான்கு துண்டுகளும் ஓஃபிர்-ரோச்சோரில் இரண்டு துண்டுகளும் கூட்டு நிறுவனத்துக்குப் போயின. அந்த நிறுவனத்தில் மலேசியாவின் அரசு முதலீட்டு நிறுவனமான கஸானாவுக்கு 60 விழுக்காடு, நம் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு 40 விழுக்காடு. மரினா ஒன், டுவோ கோபுரங்கள் அந்த நிலங்களில்தான் நிற்கின்றன. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் முடிந்தவரை சம்பாதிக்க வேண்டாமா என்று நிதி பார்ப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அது அவர்கள் கடமை.

என் பதில் இது. நகரத்தின் மிக விலையுயர்ந்த மூலைகளில் இரண்டைக் கொடுத்துத்தான் இந்த நீண்ட நிலத்தை வாங்கினோம். அலுவலக மாடி வேண்டுமென்றால் மரினாவிலேயே கட்டியிருக்கலாம். கட்டியும் விட்டோம். இங்கே நமக்குக் கிடைத்தது வேறெங்கும் வாங்க முடியாத ஒன்று: தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை அறுபடாத ஒரு பாதையும், அதன் முனையில் ஒரு வாசலும். 2010-இல் இயற்கைச் சங்கத்தினர் இந்தப் பாதை முழுவதையும் பசுமையாக விட்டுவிடுங்கள் என்று கேட்டபோது, அது நடக்குமென்று நானே நம்பவில்லை. நீங்கள் செவிசாய்த்தீர்கள். தண்டவாளத்தை எடுத்தார்கள், இரும்புப் பாலங்கள் நின்றன, பாதை நின்றது. புக்கிட் தீமா நிலையத்தைச் சீர்செய்து 2022-இல் மக்களுக்குத் திறந்தீர்கள். ரயில் ஓட்டுநருக்கு வளையத்தில் சாவி மாட்டிக் கொடுத்து அனுப்பும் பழைய முறை கடைசிவரை நடந்த நிலையம் அது. அங்கே ஊழியர் குடியிருப்பில் ஒரு சின்ன காபிக்கடைதான் இருக்கிறது, அதுவும் கூட்டமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். அந்த அளவறிந்த வணிகத்தைத்தான் தஞ்சோங் பகாரிலும் கேட்கிறேன். நிலத்தின் விலை அங்கே பல மடங்கு என்பது தெரியும். அதனால்தான் நிபந்தனை எழுத்தில் வேண்டும் என்கிறேன்.

பராமரிப்புக்குப் பணம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. தொண்ணூறு வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு ஓயாமல் செலவு வரும். பக்கத்து நிலத்தை வாங்குகிறவர் ஆண்டுதோறும் அதற்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று ஏலக்குத்தகையிலேயே சேர்த்துவிடலாம். ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதாலேயே அவர் தன் அறைகளை அதிக விலைக்கு விடப்போகிறார், அதில் ஒரு பங்கைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டுவதால் கூடத்தின் சாவி அவர் கைக்குப் போகக்கூடாது.

அடுத்தது, கதையைச் சொல்லும் விதம். ஸ்டேஷனுக்குள் ஒரு கண்காட்சிக்கூடம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆளுநர், கட்டடக்கலைஞர், சிற்பி ஆகியோரோடு அது நின்றுவிடக்கூடாது. தண்டவாளத்தைப் போட்டவர்கள், காத்தவர்கள், அதன் ஓரத்திலேயே குடியிருந்தவர்கள் அதில் இருக்க வேண்டும். காமன்வெல்த் டிரைவில் இன்று பெரிய கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1930-களில் ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்தோரம் எழுப்பிய சின்னக் குடிலில்தான் தொடங்கியது. ரயில்வேயின் வரலாறு அந்தக் கோயிலிலும் இருக்கிறது. மண்டாய், கிராஞ்சி ரயில்வே கேட்டுகளில் கொடியும் விளக்குமாக நின்றவர்களிடமும் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில்வேக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களில் திரும்பி வராதவர்களின் வீடுகளிலும் இருக்கிறது. இவற்றுக்கு ஸ்டேஷனில் ஒரு சுவராவது வேண்டும். தமிழ் வாசகத்தைக் கடைசி நேரத்தில் மொழிபெயர்த்து ஒட்டாமல், தமிழ் தெரிந்தவர்களை முதலிலேயே உட்கார வைத்து எழுதுங்கள்.

மக்களைக் கேட்கும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டுமானங்கள் முக்கியமான மரபிடங்களைத் தொடும்போது மரபுடைமைத் தாக்க மதிப்பீடு செய்யும் ஏற்பாட்டை 2022-இல் கொண்டுவந்தீர்கள். ஸ்டேஷனைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அந்த மதிப்பீட்டை நிலம் விற்பனைக்கு வரும் முன்பே செய்து, முழு அறிக்கையையும் வெளியிடுங்கள். ஆணைய அலுவலகத்தில் மாதிரி வடிவம் வைப்பது நல்லதுதான், ஆனால் அதில் எல்லாம் மேலிருந்து பார்க்கும் பறவைக்குத் தெரிவதுபோல இருக்கும். நடைமேடையில் நிற்கும் மனிதனின் கண் உயரத்திலிருந்து, முன்னும் பின்னும் எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்டுங்கள். ஒரு வார இறுதி ஸ்டேஷன் கூடத்திலேயே அந்தப் படங்களை வையுங்கள், நான்கு மொழியிலும். புக்கிட் மேராவிலும் எவர்டன் பார்க்கிலும் ஸ்பூனர் ரோட்டிலும் இருக்கும் பெரியவர்கள் இணையப் படிவத்தை நிரப்பமாட்டார்கள். கூடத்துக்கு வரச் சொன்னால் வருவார்கள்.

என் தந்தை இப்போது இல்லை. அவரோடு கேங்கில் இருந்தவர்களில் சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். எந்த வளைவில் தண்டவாளம் வெயிலில் நெளியும், எந்த மதகில் வெள்ளம் முதலில் ஏறும், நடைமேடையின் எந்தத் தூணருகே சிக்னல் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள் என்றெல்லாம் அவர்கள் இன்னும் சொல்வார்கள். கண்காட்சிக்காக யாரையாவது அனுப்பிப் பதிவு செய்வதென்றால் நான் அழைத்துப்போகிறேன். இதில் தாமதம் வேண்டாம்.

நிபந்தனை ஆவணத்தின் வரைவு தயாராகும் முன் ஒரு சந்திப்புக்கு நேரம் கொடுங்கள். ரயில் காரிடாரில் வாராவாரம் நடக்கும் நண்பர்கள் சிலரும், கட்டடக்கலை படிக்கும் இரண்டு இளையர்களும் என்னோடு வருவார்கள். வார நாள், வேலை நேரம் என்றாலும் சரி, விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறோம். பார்வைத் தடம், கூரை உயரம், தரைமட்டப் பாதை, கூடத்தின் திறப்பு நேரம் ஆகிய நான்கையும் வரைபடத்தில் குறித்து எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தண்டவாளக் கங்காணி ஒருவரின் மகள்
புக்கிட் மேரா